வேகம் இருந்தும் குரல் அறுவது ஏன்? போர்ஜி ரவுட்டரில் வரிசையைப் பிடிப்பது

மட்டக்களப்பில் வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு வீடு. போர்ஜி ரவுட்டரில் வேகம் பார்த்தால் 20 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனால் மகள் ஒரு வீடியோவைக் கூகிள் டிரைவில் ஏற்றத் தொடங்கியதும், பக்கத்து அறையில் கட்டாருக்கு வட்ஸ்அப்பில் கதைக்கிற தாய்க்குக் குரல் விட்டுவிட்டு வருகிறது. "லைன் ஸ்லோ" என்று பெரிய பெக்கேஜுக்கு மாறுவார்கள். காசு போகும், குரல் அப்படியே அறும்.

கணக்கைப் பாருங்கள். அப்லோட் 2 எம்பிபிஎஸ் என்றால் 1500 பைட் பொதி (தரவு போகும் சிறு துண்டு) ஒன்று வெளியேற 6 மில்லிசெக்கன் ஆகும். மோடத்துக்குள் (போர்ஜி ரவுட்டரில் டவரோடு பேசும் பகுதி) 256 கிலோபைட் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தால், வாலில் வந்து சேரும் குரல் பொதி ஒரு செக்கனுக்கு மேல் நிற்க வேண்டும். குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு. கொழும்பு தூரம் என்று பழிபோடவும் வழியில்லை. ஃபைபரில் ஒளிக்கு ஒரு கிலோமீற்றர் 5 மைக்ரோசெக்கன்; 300 கிலோமீற்றர் போய்வர வெறும் 3 மில்லிசெக்கன்.

அதே டவரில் வோல்ட்டீ (போர்ஜி வழியாகவே போகும் சாதாரண தொலைபேசி) அழைப்பு மட்டும் தெளிவாகக் கேட்கும். காரணம், எல்டிஈயில், அதாவது போர்ஜியில், ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் கியூசிஐ என்று ஓர் இலக்கம் உண்டு. வோல்ட்டீ குரலுக்கு 1: உறுதிசெய்த வேகம், 100 மில்லிசெக்கன் தாமத வரம்பு. வட்ஸ்அப், சூம், யூடியூப் எல்லாம் பெரும்பாலும் 9இல் ஒன்றாகப் போகும். அங்கே வரம்பு 300 மில்லிசெக்கன், வேகத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதை நம்மால் தொட முடியாது. நம் கையில் இருப்பது வீட்டுக்குள் உள்ள வரிசை மட்டும்.

பழைய கல்லடிப் பாலம் ஒற்றை வழி. லொறிகள் பாலத்தில் ஏறிய பிறகு பின்னால் வரும் அம்புலன்ஸ் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் முந்த முடியாது. மறிப்பதானால் பாலத்து வாயிலில்தான் மறிக்க வேண்டும். மோடத்துக்குள் வரிசை நிற்கும்வரை ரவுட்டரில் கொடுக்கிற முன்னுரிமையும் அப்படித்தான். ஆகவே மோடம் தாங்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ரவுட்டரே அனுப்ப வேண்டும். அப்போது வரிசை ரவுட்டருக்குள் வரும், யாரை முன்னால் விடுவது என்று நாம் தீர்மானிக்கலாம். ரவுட்டர் அமைப்பில் முன்னுரிமை கொடுக்கும் கியூஓஎஸ் பக்கத்தில் வேகத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, செயலிக்குப் பக்கத்தில் "ஹை" என்று மட்டும் போட்டால் ஒரு பலனும் இல்லை. அநேகர் சறுக்குவது இதில்தான்.

கம்பனி தரும் ரவுட்டரில் பெரும்பாலும் இதற்கு இடமில்லை. ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும், 128 எம்பி ரேம் உள்ள இன்னொரு ரவுட்டரை லேன் கேபிளில் பின்னால் கொழுவி, முதலாவதின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் வேகத்தை அளந்து, குறைந்த எண்ணை எடுங்கள். இரவில் அப்லோட் 2.4, டவுன்லோட் 9 எம்பிபிஎஸ் வந்தால், வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் என்ற பகுதியில் அதைவிடச் சற்றுக் குறைத்து அப்லோடுக்கு 2000, டவுன்லோடுக்கு 7500 கிலோபிட் போட்டு, வரிசை முறைக்குக் "கேக்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பொதிகளைக் குறுக்குவழியில் அனுப்பும் ஃப்ளோ ஓஃப்லோடிங்கை நிறுத்த மறக்க வேண்டாம். அது இருந்தால் பொதிகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே ஓடிவிடக்கூடும்.

இவ்வளவில் பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். கேக் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்து, குறைவாக அனுப்புபவரைத் தானாகவே முன்னால் விடுகிறது. குரல் குறைவாகத்தான் அனுப்பும். அதிலும் போதாவிட்டால் மட்டும் முத்திரை பார்த்து முன்னால் விடும் "லேயர் கேக்" என்பதைத் தெரிவுசெய்து, ஃபயர்வோலில் வட்ஸ்அப் அழைப்புக்கு யுடிபி போர்ட் 3478, சூமுக்கு 8801 முதல் 8810 வரை, இவற்றில் போகும் பொதிகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரை குத்துங்கள். முத்திரை அப்லோட் பக்கத்துக்குத்தான் உதவும். டவுன்லோடில் வரும் பொதி ஃபயர்வோலைக் காணும் முன்பே வரிசைக்குள் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் 46 குத்துவது ஒருவருக்கும் குத்தாததற்குச் சமன்.

மொபைலில் ஒரு சிக்கல் உண்டு. டவரில் ஆள் கூடினால் 2.4 என்பது 1.2 ஆகிவிடும், நீங்கள் போட்ட 2000 அப்போது அதிகம், வரிசை மறுபடி மோடத்துக்குள் ஓடிவிடும். அறுகம்பையில் சுற்றுலாப் பயணிகள் கூடும் சீசனில் பொத்துவில் பக்கம் உள்ளவர்கள் இதை எதிர்பார்க்கலாம். இதற்குக் கேக்-ஓட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது: தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சிறு பொதி) அனுப்பி, தாமதம் ஏறினால் வரம்பை இறக்கும், தணிந்தால் ஏற்றும். சரிவந்ததா என்று பார்க்க, பெரிய கோப்பொன்றை ஏற்றிக்கொண்டே கூகிளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் அடியுங்கள். சும்மா இருக்கும்போது 50 மில்லிசெக்கன் என்றால், ஏற்றும்போது 80, 90 வந்தால் நல்லது. 600 வந்தால் வரம்பை இன்னும் இறக்குங்கள்.

வைஃபையில் குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம்மை நிறுத்தச் சொல்லும் பழைய அறிவுரையைக் கேட்க வேண்டாம். நிறுத்தினால் குரலுக்கான முன்னுரிமையும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

இதற்குப் பிறகும் தாமதம் இறங்காவிட்டால் சிக்னலைப் பாருங்கள். டவர் பத்துக்கணக்கான வாட்டில் அனுப்பும், மோடத்துக்கு 0.2 வாட்தான். அதனால் வயல்வெளி வீடுகளில் முதலில் சாவது அப்லோட். சேராத பொதி 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை திரும்பப் போகும். வெளியே அன்டெனா வைத்து 10 மீற்றர் ஆர்ஜி58 என்ற மெல்லிய அன்டெனா கேபிளை உள்ளே இழுத்தால், 1800 மெகாஹேர்ட்ஸில் முக்கால் பங்குக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடும். போர்ஜி ரவுட்டரையே டவர் பார்த்த ஜன்னலில் உயரமாக வைத்து, அங்கிருந்து லேன் கேபிளைக் கீழே இறக்குங்கள். அது 100 மீற்றர் வரை தாங்கும்.