இமோரி குஞ்சு பொரிப்பு: குளிரில் தொடங்கி கரையேறும் வரை

ஜனவரி 18
தொட்டி பால்கனியில், வெயில் படாத சுவரோரம். தண்ணீர் 7 டிகிரி. ஜப்பானின் சிவப்பு வயிற்று நியூட்டான (பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்வி) அகஹரா இமோரிக்கு இந்தக் குளிர் அவசியம். ஓரிரு மாதம் 10 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் வசந்தத்தில் நன்றாக ஜோடி சேரும். முட்டையே இடவில்லை என்பவர்களின் தொட்டி பெரும்பாலும் சூடான அறைக்குள்தான் இருக்கும். இப்போது தீனி வேண்டாம். தின்னாமல் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

மார்ச் 22
14 டிகிரி. ஆணின் வாலில் நீல ஊதா மினுமினுப்பு, கழிவுத்துளையைச் சுற்றி வீக்கம். பெண்ணின் வழியை மறித்து நின்று, வாலை விலாவோடு மடித்துப் படபடவென்று விசிறுகிறது. பெண்ணின் மூக்குக்குப் போய்ச் சேர்வது சோடெஃப்ரின் என்ற வாடைப்பொருள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-ல் அறிவித்தது. பெண் இசைந்தால் பின்னாலேயே நடந்து, ஆண் தரையில் வைக்கும் விந்துப் பையைக் கழிவுத்துளையால் எடுத்துக்கொள்ளும். நீரோட்டம் இதைக் கெடுக்கக் கூடாதென்று ஃபில்டர் வேகத்தைக் குறைத்தாயிற்று.

ஏப்ரல் 19
முட்டை! பெண் பின்னங்கால்களால் எலோடியா என்ற நீர்ச்செடியின் இலையை மடித்து, உள்ளே ஒன்றே ஒன்று இட்டு, ஒட்டும்வரை பிடித்துக்கொள்கிறது. பெற்றவையே தின்றுவிடும் என்பதால் இலையோடு கத்தரித்து, 5 செ.மீ. தண்ணீருள்ள டப்பாவுக்கு மாற்றவேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீர், 18 முதல் 20 டிகிரி. வெள்ளையாகக் கலங்கிய முட்டையை அன்றே எடுக்காவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். வளர்க்க முடிகிற அளவுக்கு மட்டுமே எடுப்பது நல்லது. மிஞ்சிய குஞ்சுகளை ஆற்றிலோ வயலிலோ விடவே கூடாது; ஊருக்கு ஊர் இதன் மரபுவழி வேறு.

மே 9
பொரிந்துவிட்டன. முதல் சில நாள் மஞ்சள் கருவே போதும். அதற்குள் தீனிக்கு ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் வகை) முட்டையைப் பொரித்துத் தயாராக்க வேண்டும்: 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, இடைவிடாத காற்று, 24 முதல் 36 மணி நேரம். காற்றை நிறுத்தி அடியில் வெளிச்சம் காட்டினால் ஆர்டீமியா குஞ்சுகள் அங்கே குவியும், ஓடு மேலே மிதக்கும். உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடவேண்டும். நன்னீரில் ஆர்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும். அதனால் ஒரேயடியாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக இருவேளை. மிச்சத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சிவிடணும்.

ஜூன் 14
தவளைக்கு நேர்மாறாக முன்னங்கால்தான் முதலில் வந்தது. பின்னங்கால் மொட்டாகத் தெரிகிறது. அசைவதையெல்லாம் கவ்வும் வயது. பக்கத்துக் குஞ்சின் காலும் தப்பாது. போன கால் மறுபடி முளைக்கும், ஆனால் புண்ணில் பூஞ்சை பிடிக்கலாம். பெரியதையும் சிறியதையும் பிரித்தாயிற்று. நறுக்கிய ரத்தப்புழுவை இடுக்கியில் ஆட்டிக் காட்டினால் எடுக்கின்றன.

ஜூலை 26
செவுள் சுருங்குகிறது, வால் துடுப்பு தேய்கிறது. அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான்: நுரையீரலுக்கு மாறும் குஞ்சு ஏற இடமில்லாமல் மூழ்கிவிடும். தண்ணீர் 2 செ.மீ., டப்பாவைச் சாய்த்து மேட்டுப்பக்கம் ஈரப்பாசி. ஈரக் கண்ணாடியில் ஏறித் தப்பும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெயில் காலம், விசிறி வைத்து 25 டிகிரிக்குள் நிறுத்தவேண்டும்.

ஆகஸ்ட் 16
கரையேறியவை இனி சில வருடம் நிலவாசிகள். தண்ணீரில் போட்டாலும் வெளியேறவே பார்க்கும். ஈரப்பாசி, மரப்பட்டை போதும், சொதசொதப்பு ஆகாது. செத்த தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் சிற்றுயிர், செடியில் கிடைக்கும் அசுவினி, அன்று பொரித்த சிள்வண்டுக் குஞ்சு கொடுக்கலாம். மருந்தடித்த செடியின் அசுவினி வேண்டாம். தோலில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு உண்டு; தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.