கணிதத்தில் வெளிநாட்டு போஸ்ட்டாக்: சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

தீசிஸ் முடிந்தபின் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) தேடலாம் என்று இருப்பவர்கள் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். உயிரியலிலும் வேதியியலிலும் ஆய்வகத்துக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் விளம்பரம் வரும். கணிதத்தில், அதுவும் அமெரிக்காவில், வருடத்துக்கு ஒரே பருவம்தான். அடுத்த ஆகஸ்டில் சேர வேண்டிய வேலைக்கு இந்த அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குத்தான் மறுபடி கதவு திறக்கும்.

அதனால் முதல் வேலை விண்ணப்பம் இல்லை, பரிந்துரைக் கடிதம். மூன்று ஆராய்ச்சிக் கடிதங்களும் கற்பித்தல் பற்றி ஒரு கடிதமும் வேண்டும். தேர்வுக்குழு உங்கள் கட்டுரைகளை வரி வரியாகப் படிக்காது, அதற்கு நேரம் கிடையாது. கடிதத்தைப் படிக்கும். நம்மூரில் எழுதப்படும் கடிதங்களுக்கு ஒரு நடை இருக்கிறது: "இவர் கடின உழைப்பாளி, பணிவானவர், நல்ல நடத்தை உடையவர்." எழுதியவர் பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். படிக்கிறவரோ, கணிதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். எந்தத் தேற்றம் புதிது, அதற்கு முன் யார் எதுவரை வந்து நின்றார்கள், எந்த இடத்தில் உங்கள் சொந்த யோசனை நுழைந்தது, சமீபத்தில் முனைவர் பட்டம் வாங்கிய யாரோடு உங்களை ஒப்பிடலாம் என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். இப்படி எழுதுங்கள் என்று பேராசிரியரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லவே வேண்டாம். "சார், உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று" என்று ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தால் போதும். அதில் முக்கியத் தேற்றத்தை இரண்டு வரியில் எழுதுங்கள், முந்தைய முடிவு எது என்று சொல்லுங்கள், கடைசித் தேதிகளையும் போடுங்கள். ஆறு வாரம் முன்னால் கொடுத்து, கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டலாம்.

மூன்றில் ஒரு கடிதமாவது உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவரிடமிருந்து வர வேண்டும். வெளிநாட்டவராக இருந்தால் இன்னும் நல்லது. பெங்களூருவில் இருக்கும் ஐசிடிஎஸ் ஆய்வு மையத்தின் நிகழ்ச்சிகளும் இத்தாலியின் டிரியெஸ்டேயில் இருக்கும் ஐசிடிபி ஆய்வு மையத்தின் குறுகியகாலப் பள்ளிகளும் இதற்குத்தான் பயன்படும். நேரில் பார்க்க வழியில்லை என்றால் மின்னஞ்சல்தான். "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம், வாய்ப்பு தர இயலுமா" என்ற வகை அஞ்சல் குப்பைக்குப் போகும். பதில் வாங்கித் தரும் அஞ்சல் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "தேற்றம் 1.3இல் பகா எண் ஒற்றையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை லெம்மா 4.2இல் மட்டும்தான் பயன்படுகிறது. அந்த லெம்மாவை இப்படி மாற்றினால் 2க்கும் நிரூபணம் நிற்கிறது என்று தோன்றுகிறது. ஒரு பக்கக் குறிப்பு இணைத்திருக்கிறேன்." இதில் வேலை பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலைப் பேச்சை மூன்றாவது அஞ்சலில் எடுத்தால் போதும். இதை ஆரம்பிக்க வேண்டிய காலம் பருவத்துக்கு முந்தைய ஜனவரி, அக்டோபர் இல்லை.

கற்பித்தல் கடிதம் ஆராய்ச்சி நிறுவன மாணவர்களுக்கு எப்போதும் இடிக்கும். தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இளங்கலை வகுப்பே கிடையாது. இளங்கலைப் படிப்பு நடத்தும் ஓர் இடத்தில் ஒரு செமஸ்டர் டுடோரியல் எடுத்து, பொறுப்பாசிரியரை ஒரு வகுப்பிலாவது வந்து உட்காரச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து எழுதிய கடிதம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆராய்ச்சி அறிக்கை. நான்கு, ஐந்து பக்கம் போதும். முதல் பக்கம் வேறு துறைக் கணிதவியலாளருக்கு, மீதி உங்கள் துறைக்காரருக்கு. "ரெப்ரசென்டேஷன் தியரி கணிதத்தின் மிக முக்கியமான துறை" என்று தொடங்கினால் அங்கேயே வாசகர் போய்விடுவார். இதே துறையில் வேறு மாதிரித் தொடங்க முடியும்: "சிமெட்ரிக் குரூப்பின் கேரக்டர் அட்டவணையில் இருப்பதெல்லாம் முழு எண்கள். குரூப் பெரிதாகப் பெரிதாக அவற்றில் ஏறத்தாழ எல்லாமே இரட்டைப்படை ஆகிவிடுகின்றன." இதை 2017இல் அலெக்சாண்டர் மில்லர் ஊகமாக வைத்தார். பிறகு சாரா பெலூஸும் சென்னையில் வளர்ந்த கண்ணன் சௌந்தரராஜனும் சேர்ந்து, 2க்கு மட்டுமல்ல, எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் ஏறத்தாழ எல்லாமே அதன் மடங்குகள் ஆகிவிடும் என்று நிரூபித்தார்கள். இரண்டே வாக்கியம், பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்காரர்கூட நிமிர்ந்து உட்காருவார். உங்கள் கேள்விக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். வருங்காலத் திட்டத்தில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: ஆறு மாதத்தில் முடியக்கூடியது ஒன்று, இரண்டு வருடம் கேட்பது ஒன்று, முடியுமா என்றே தெரியாதது ஒன்று. "பொதுமைப்படுத்த உத்தேசம்" என்று மட்டும் எழுதினால் அது திட்டமாகாது.

அமெரிக்க இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மேத்ஜாப்ஸ் தளம் ஒன்று போதும். கடிதம் எழுதுபவர் ஒருமுறை ஏற்றினால் எல்லா விண்ணப்பத்துக்கும் அதையே பயன்படுத்தலாம், உங்களால் அதைப் பார்க்க முடியாது. கட்டுரைகள் செப்டம்பருக்குள் ஆர்க்கைவில் (இதழில் வருமுன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்கும் இணையதளம்) இருக்க வேண்டும். முதல்முறை போடுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதுகிற ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம், அதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிக்காதீர்கள். கவர் லெட்டரில் அந்தப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் உங்கள் வேலையைப் படிக்கக்கூடிய இரண்டு பேரின் பெயரைக் குறிப்பிடுங்கள். கோப்பு முதலில் அவர்கள் மேசைக்குப் போக அது உதவும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் என்எஸ்எஃப் ஃபெலோஷிப் அமெரிக்கக் குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்குத்தான், நேரம் செலவழிக்க வேண்டாம். ஐம்பது அறுபது இடத்துக்குப் போடுவது சாதாரணம். முதல் சுற்றில் அழைப்பு வராதவர்களுக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வருவதுண்டு. ஒருவரே நான்கு இடத்தைக் கையில் வைத்திருந்து மூன்றை விடும்போது வரிசை நகரும்.

ஐரோப்பாவுக்குப் பருவம் கிடையாது, ஆனால் நிபந்தனைகள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்பின் கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். முக்கியப் பகுதி 10 பக்கத்துக்குள், பட்டம் வாங்கி 8 வருடத்துக்குள், போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. மதிப்பெண்ணில் பாதி ஆராய்ச்சித் தரத்துக்கு, 30 சதவீதம் தாக்கத்துக்கு (ஆய்வால் என்ன பயன் என்பதற்கு), 20 செயல்படுத்தலுக்கு. கணிதக்காரர்கள் கோட்டை விடுவது தாக்கத்தில்தான். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அடுத்த வருடம் அதே நிறுவனத்தோடு மறுபடி போட முடியாது. ஆகவே அரைகுறையாக ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று போடாதீர்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்குக் கடைசித் தேதியே இல்லை, வருடத்துக்கு மூன்று முறை குழு கூடும். அழைக்கும் பேராசிரியரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். பிரான்சில் சிஎன்ஆர்எஸ் என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்பின் நிரந்தர வேலைக்கு எந்த நாட்டவரும் போட்டியிடலாம், கணிதம் அங்கே 41ஆம் பிரிவு. நம்மவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வேலை கிடைத்தபின் இடிப்பது பட்டம். தீசிஸ் கொடுத்து, தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்து, வைவா (வாய்மொழித் தேர்வு) முடிய அரை வருடம் எளிதாக ஓடிவிடும். சேரும் தேதிக்குள் பட்டம் கையில் இல்லாவிட்டால் பதவியின் பெயரும் சம்பளமும் மாறலாம், வேலையே தள்ளிப்போகலாம். ஆகஸ்டில் சேர வேண்டுமென்றால் ஜனவரிக்குள் தீசிஸ் போய்விட வேண்டும். வைவா முடிந்த அன்றே, "எல்லாத் தேவைகளும் பூர்த்தியாகிவிட்டன" என்று ஒரு கடிதத்தை நிறுவனத் தலைப்புத்தாளில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று நம் தமிழ்ப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று வந்து உட்காரும். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கியிலும் சம்பளப் பிரிவிலும் அதுதான் நீங்கள். கட்டுரையில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு வேறு பெயர் என்று இருந்தாலும் சிக்கல். விண்ணப்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டு, ஆர்க்கைவிலும் ஓர்கிட் எனும் ஆய்வாளர் அடையாள எண்ணிலும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு வழக்கமான வழி ஜே-1 எனும் பரிமாற்ற விசா. பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 என்ற தகுதிப் படிவம் அனுப்பும், அதன்பின் 220 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவேடு) கட்டணம், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம், அண்ணா சாலை அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். முன்பு பலரைக் கட்டிப்போட்ட "இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும்" விதி எந்த நாட்டவருக்குப் பொருந்தும் என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தும். பெரிய பொறி வேறிடத்தில் இருக்கிறது. பிஎச்டி நடுவே நான்கு மாதம் அமெரிக்கா போகிறீர்கள், அலுவலகம் "ரிசர்ச் ஸ்காலர்" என்ற வகையில் படிவம் போட்டுவிடுகிறது. திரும்பி வந்தபின், அந்தப் பரிமாற்றத் திட்டம் முடிந்த நாளிலிருந்து 24 மாதத்துக்கு அதே வகையில் மறுபடி நுழைய முடியாது, கையில் போஸ்ட்டாக் கடிதம் இருந்தாலும். ஆறு மாதத்துக்குட்பட்ட பயணத்துக்கு "ஷார்ட்-டெர்ம் ஸ்காலர்" என்று போடச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு இந்தத் தடை இல்லை. படிவத்தின் நான்காவது கட்டத்தில் வகை அச்சாகியிருக்கும், வந்தவுடன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிரிப்டோகிராஃபியின் வாசனை உள்ள தலைப்பு என்றால் நேர்காணலில் 221(ஜி) சீட்டு (கூடுதல் பரிசீலனை முடியும்வரை விசா நிறுத்திவைப்பு) கொடுத்துக் காத்திருக்கச் சொல்லலாம். சாதாரண மொழியில் ஒரு பக்க ஆராய்ச்சி விளக்கம், சிவி, கட்டுரைப் பட்டியல் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். படிவத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்து உள்ளே நுழையலாம். முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டு முன்பணத்தோடு இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு ஆராய்ச்சியாளர் சம்பளத்துக்கு இரண்டு வருடம் வரை விலக்கு தருகிறது. அது தானாக வராது, 8233 என்ற படிவத்தை நீங்களே சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும்.