அம்மாவுக்கு டிவி2 வந்த கதை

டிஜிட்டல் டிவியை வாங்கிக் காட்டும் அந்த டெக்கோடர் பெட்டி ஆறு வருடமாக அம்மாவின் அலமாரியில், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பலகாரத் தட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. 2019ல் மலேசியா முழுக்கப் பழைய அனலாக் டிவி ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறினார்களே, ஜூலையில் லங்காவியில் ஆரம்பித்து, அப்போது அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டி. எங்கள் வீட்டில் அன்றைக்கு மாதச் சந்தா கட்டும் செயற்கைக்கோள் டிவித் தட்டு இருந்ததால் யாரும் அதைப் பிரிக்கவே இல்லை.

இந்த வருடம் சந்தாவை நிறுத்திவிட்டோம். அம்மா பார்ப்பது அரசாங்க சேனலான டிவி2ல் தமிழ்ச் செய்தி, எப்போதாவது ஒரு தமிழ்ப் படம், அவ்வளவுதான். அதற்கு மாதாமாதம் எண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கட்டி, சாயங்கால மழையில் படம் வேறு போய்விடும். கைப்பேசியில் அரசாங்க ஒளிபரப்பான ஆர்.டி.எம்.மின் கிளிக் செயலியில் பார்க்கலாமே என்று சொன்னேன். அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எங்கள் ஊர் பாடாங் செராய். கெடாவின் தெற்கு முனையில், கூலிமுக்குப் பக்கம். அப்பா விக்டோரியா தோட்டத்தில் வேலை பார்த்தவர். லயத்தை விட்டு இந்த மலிவு விலை வீட்டுக்கு வந்தபோது முதல் வேலையாகக் கூரையில் ஏரியல் நட்டார். அது இன்னும் இருந்தது. பெட்டியை டிவியில் மாட்டி ஏரியல் வயரைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைத்து ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தேன். முடிய நான்கு வாரம் ஆனது.

முதல் நாள் பெட்டியில் சேனல் தேடியதில் கிடைத்தது பூஜ்ஜியம். மறுபடி தேடினேன், மறுபடியும் பூஜ்ஜியம். டவுனில் 25 வெள்ளிக்கு, டிவி மேல் வைக்கும் ஒரு சின்ன ஏரியல் வாங்கி வந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இப்போது அதில் அம்மா சாவி மாட்டுகிறார்.

பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு வருடம் பூட்டி வைத்தால் எதுதான் கெடாது? கூலிமில் என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து அவர் வீட்டில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அங்கே சமர்த்தாக அத்தனை சேனலும் வந்தது. அப்படியென்றால் கோளாறு எங்கள் கூரையில்.

ஏணி வைத்து ஏறினேன். "தகரம் பழசு பாப்பா, ஆணி இருக்கிற இடமாப் பாத்துக் கால வை" என்று அம்மா கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தார். அப்பாவின் ஏரியலில் குறுக்குக் கம்பிகள் ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு மேல் இருந்தன. அதிலிருந்து இறங்கியது உருண்டை வயர்கூட இல்லை; இரண்டு கம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிய சப்பை வயர். வெயிலில் காய்ந்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

கம்பி நீளம் ஏன் முக்கியம் என்று அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். அலை எவ்வளவு நீளமோ அதில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும் கம்பி. பழைய டிவி வந்த வி.எச்.எஃப். அலைக்கு முக்கால் மீட்டர், அதற்கு மேலும் போகும். டிஜிட்டல் வருவது யு.எச்.எஃப்.பில், 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கம்பி ஒரு அடி ஸ்கேல் அளவு இருந்தால் போதும், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அப்பாவின் ஏரியல் வேறு காலத்துக்கு வெட்டியது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் கழற்றி இறக்கினேன்.

புது யு.எச்.எஃப். ஏரியல் 48 வெள்ளி. எந்தப் பக்கம் திருப்புவது? எதிர் வரிசையில் ஒரு வீட்டு ஏரியல் மேற்கே, பினாங்கைப் பார்த்து நின்றது. அதையே பார்த்து நானும் திருப்பினேன். சேனல் வரவில்லை. அப்புறம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: சிக்னல் போதவில்லை என்று நினைத்து 38 வெள்ளிக்கு ஒரு பூஸ்டர் வாங்கினேன். பூஸ்டரை மாட்டியதும் டெக்கோடர் திரையில் 'கெகுவாத்தான்' (மலாயில் வலிமை) கோடு சர்ரென்று 90க்கு ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம். கீழே இருந்த 'குவாலித்தி' (தரம்) கோடு மட்டும் அசையவே இல்லை.

நான்கு வாரத்தை முழுங்கியது அந்த இரண்டு கோடுதான். மேல் கோடு, ஏரியலில் ஏதோ ஒன்று வந்து விழுகிறது என்று மட்டும்தான் சொல்லும். வருவது டிவியா, இரைச்சலா என்று அதற்குத் தெரியாது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். திருவிழாவில் ஒலிபெருக்கியை முழுதாகத் திறந்து வைத்தால் சத்தம் ஊருக்கே கேட்கும், என்ன அறிவிக்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் புரியாதே, அந்த மாதிரி. பார்க்க வேண்டியது கீழ்க் கோடு. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. தரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் குறைந்தால் கறுப்புத் திரைதான்.

மூன்றாவது வாரம் இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாமா வந்தார். தோட்டத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா அந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்க?" என்றார். எதிர் வீட்டைக் காட்டினேன். சிரித்தார்.

"அது செத்துப் பல வருசம் ஆச்சு. அவங்க தட்டுல பாக்குறாங்க. காத்துல அதுவா திரும்பி நிக்குது."

அப்புறம், "ஜெராய் எங்க இருக்கு சொல்லு" என்றார்.

குனோங் ஜெராய் 1,217 மீட்டர். சுற்றிலும் வயலும் தோட்டமுமாகத் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் தனியாக எழும்பி நிற்கும் மலை. வங்காள விரிகுடாவைக் கடந்து கடாரம், அதாவது பழைய கெடா, வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம் என்பார்கள். அதன் உச்சியில்தான் எங்கள் வட்டாரத்துக்கான ஒளிபரப்புக் கோபுரம். வரைபடத்தில் எங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 33 கிலோமீட்டர், வடக்கிலிருந்து கொஞ்சம் மேற்கே சாய்ந்து. நான் திருப்பி வைத்திருந்த திசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கைப்பேசித் திசைகாட்டியோடு கூரைக்குப் போனால் முள் தறிகெட்டு ஆடியது. தகரக் கூரை, இரும்புக் குழாய், வேறென்ன செய்யும்? மறுநாள் காலை ஏழரைக்கு மாமா என்னைப் பள்ளித் திடலுக்குக் கூட்டிப்போனார். மேகம் ஏறுவதற்கு முன் ஜெராய் நீலமாகத் தெரிந்தது. அதற்கு நேரே எங்கள் பக்கம் எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வருகிறது என்று குறித்துக்கொண்டோம். ஒன்பது மணிக்கு மலையைக் காணோம்.

திசை சரியானதும் குவாலித்தி 35 வரை வந்தது. படம் வந்தது, நின்றது, வந்தது. வடக்குப் பக்கம் தோட்டத்துச் செம்பனை, எண்ணெய்ப் பனை. வயதான மரங்கள், எங்கள் கூரையைவிட உயரம். ஏரியல் மலையைப் பார்க்கவில்லை, மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் இன்னும் மோசம். நனைந்த ஓலை யு.எச்.எஃப். அலையை நன்றாகவே குடிக்கும்.

இதற்கு வழி காட்டியது அம்மா. "பின்னாடி துணி காயப் போடற எடத்துலேருந்து பாத்தா லோரி ரோடு நேராத் தெரியுது, அங்க மரம் இல்லியே" என்றார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி போகும் மண்பாதை. எங்கள் பின்வாசலில் இருந்து ஏறக்குறைய ஜெராய்க்கு நேராக ஒரு சந்து மாதிரி அது திறந்திருந்தது. 20 அடி ஜி.ஐ. இரும்புக் குழாய் ஒன்று வாங்கி, துணிக்கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டோம். பூஸ்டரைக் கழற்றி வீசினோம். ஏரியலிலிருந்து பெட்டிக்கு ஆர்.ஜி.6 என்ற உருண்டை வயர் பன்னிரண்டு மீட்டர்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் வீணானது. குழாய் ஏற்றியும் குவாலித்தி பூஜ்ஜியம். மாமா வயர் முனையைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நடுவில் செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதற்கு மேல் முடி போன்ற வலைக் கம்பி. அந்த முடியில் ஒன்றே ஒன்று வளைந்து நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் பல்லால் கடித்து உரித்த வேலை. நகத்தால் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மறுபடி திருகினார்.

தானாகத் தேடும் வசதியை விட்டுவிட்டு, கையால் தேடும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். யு.எச்.எஃப். அலைவரிசை எண் 21லிருந்து 48 வரை ஒவ்வொன்றாக நகர்த்தினால் எதில் கோடு எழும்புகிறது என்று தெரியும். எழும்பிய எண்ணில் நிறுத்திக்கொண்டு, மாமா வெளியே குழாயை இம்மி இம்மியாகத் திருப்ப, அம்மா சன்னலில் நின்று எண்ணைக் கத்தினார். "நாப்பத்தெட்டு... அறுவது... எழுவத்தொண்ணு... ஐயோ போச்சு, திருப்பு, திருப்பு!" 82ல் நிறுத்தி நட்டை முறுக்கினோம். ஒரு முறை தானாகத் தேட விட்டதும் சேனல்கள் வரிசையாக வந்து விழுந்தன. 101ல் டிவி1, 102ல் டிவி2, 103ல் டிவி3. கூடவே வானொலியும் வந்தது. தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் டிவியிலேயே கேட்கிறது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய ஆச்சரியம். இப்போது காலையில் திரையை யாரும் பார்ப்பதில்லை, பாட்டு மட்டும் ஓடுகிறது.

மழையில் எண் 60க்கு இறங்குகிறது, படம் உடையவில்லை. இடி இடித்தால் வயரைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். திறந்த வெளியில் 20 அடி இரும்பை நட்டு வைத்திருக்கிறோம், குழாய்க்கு எர்த் கம்பியும் மாமா போட்டுவிட்டார். அறையில் இன்னொரு டிவிக்கு இதிலிருந்தே பிரித்துக் கொடு என்று அம்மா கேட்கிறார். இரண்டாகப் பிரித்தால் சிக்னலும் பாதியாகும், அதனால் இப்போதைக்கு மழுப்பிக்கொண்டிருக்கிறேன். புது டிவி வாங்கப் போகிறவர்கள் உள்ளேயே இந்த டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-டி2 டியூனர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் டெக்கோடரே வேண்டாம்.

மொத்தச் செலவில் உருப்படியானது ஏரியல், குழாய், வயர் மட்டும். அப்பாவின் ஏரியலைப் பழைய இரும்புக்காரரிடம் போட அம்மா விடவில்லை. பின்பக்கம் படுக்க வைத்துப் பாகற்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார்.

போன வாரம் எதிர் வீட்டு அக்கா வந்து, அவர்களும் சந்தாவை நிறுத்தப் போவதாகவும், ஏரியல்தான் ஏற்கெனவே கூரையில் இருக்கிறதே, வயரை மட்டும் மாட்டிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார்.