சாத்துக்குடித் தோல் எண்ணெயும் விடுபட்டுப்போன ஒரு முத்திரையும்

முதுகலை ஆய்வேட்டுக்காகச் சாத்துக்குடித் தோலிலிருந்து நான் வடித்த எண்ணெயின் முதல் ஜிசி-எம்எஸ் (கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) அறிக்கையில் கார்வோன், லிமோனீன் ஆக்சைடு என்ற இரு சேர்மங்கள் தலைநீட்டியிருந்தன. புதிதாக வடித்த எண்ணெயில் இவை மிகச் சொற்பமாகவே இருக்க வேண்டும். எண்ணெயின் முதன்மைச் சேர்மமான லிமோனீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுதானதற்கு இவையே அடையாளம். எண்ணெய் பழுதானது என் ஆய்வகத்தில் அல்ல, ஓர் அலுவலகத்தின் ஜன்னலோரத்தில் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

ஜூஸ் கடையில் தோல் வாங்குவதிலும், எண்ணெயை நீராவியோடு வடித்துப் பிரிக்கும் கிளெவெஞ்சர் கருவியில் மூன்று மணி நேரம் காய்ச்சி வடிப்பதிலும் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. உள்பக்கத்து வெள்ளைச் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் சாற்றை நன்றாகக் கழுவிவிடுங்கள். சதை நுரைத்துப் பொங்கும், சாற்றின் அமிலமோ கொதிநீரில் டெர்பீன்களை (லிமோனீன் போன்ற மணச் சேர்மங்களை) ஆல்ஃபா-டெர்பினியால் போன்றவையாக மாற்றிவிடும். அரைக் கிலோ தோலுக்கு எனக்குக் கிடைத்தது இரண்டரை மில்லி.

அதில் ஒரு பகுதியைப் பகுப்பாய்வு மையத்தில் கொடுத்தேன். படிவத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பம் இருந்தது. துறைத் தலைவரின் முத்திரை விடுபட்டிருந்தது. வாங்கிக்கொண்ட எழுத்தர் அப்போது எதுவும் சொல்லவில்லை. படிவத்தில் என் கைப்பேசி எண் இருந்தும் மூன்று வாரங்களாக ஒருவரும் அழைக்கவில்லை. இரண்டு பேருந்து மாறி நேரில் போய்க் கேட்டபோதுதான், "முத்திரை இல்லாமல் உள்ளே அனுப்ப மாட்டோம்மா" என்று ஜன்னல் பக்கம் கைகாட்டினார். சித்திரை வெயிலில், என் குப்பி அங்கேயே இருந்தது. நிறமற்ற கண்ணாடிக் குப்பியில் பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தது என் தவறு. பழுப்பு நிறக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். படிவத்தைச் சரிபார்த்ததாக ரசீதில் எழுதி வாங்காமல் நகராதீர்கள். இன்னொன்று: அதே நாளில் ஒப்பீட்டுக்கான ஆல்கேன் வரிசையையும் (அடையாளம் தெரிந்த ஹைட்ரோகார்பன்களின் கலவை) ஓட்டித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். டெர்பீன்களின் நிறை நிறமாலைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரு சேர்மம் கருவியிலிருந்து வெளிவரும் நேரத்தை அந்த வரிசையோடு ஒப்பிட்டுச் சொல்லும் தக்கவைப்புக் குறியீடு இல்லாமல் கணினி சொல்லும் பெயரை மட்டும் நம்ப முடியாது.

மறுபடியும் வடித்தேன். முத்திரையோடு போன இரண்டாவது மாதிரியில் லிமோனீன் 90 சதவீதத்தைத் தாண்டியது. கார்வோன் சுவடாக மட்டுமே இருந்தது.

எண்ணெய் பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை வேறு விதமாகக் காலை வாரியது. முதலில் வட்டுப் பரவல் முறையில் செய்தேன்: பாக்டீரியா பூசிய அகார் கூழில் எண்ணெய் தோய்த்த காகித வட்டை வைத்து, அதைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையத்தை அளப்பது. எண்ணெய் நீரில் கலவாதது என்பதால் அகாரில் சரியாகப் பரவுவதில்லை. 37 டிகிரியில் ஆவியாகியும் போகிறது. ஒவ்வொரு முறையும் வளையத்தின் அளவு வேறுபட்டது. எனவே எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் டுவீன் 80 சேர்த்துப் பால்மமாக்கி, 96 குழித் தட்டுக்கு மாறினேன். மறுநாள் காலையில் எண்ணெய் அதிகமாக இருந்த குழிகளின் அடிப்பகுதி பனிபடர்ந்த கண்ணாடிபோல் மங்கியிருந்தது. தட்டு பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. லிமோனீன் அதைக் கரைக்கக்கூடியது. கலங்கலை அளக்கும் கருவியோ அந்த மங்கலைப் பாக்டீரியா வளர்ச்சியாகக் கணக்கிட்டிருந்தது. நான்கு நாள் உழைப்பு வீணாயிற்று.

மூடியிட்ட கண்ணாடிக் குழாய்களில் மீண்டும் தொடங்கினேன். பால்மம் தானே கலங்கலாக இருப்பதால் கலங்கலை அளப்பதை விட்டுவிட்டு, ரெசசூரின் சாயம் சேர்த்தேன்; உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். எண்ணெயின்றி டுவீன் மட்டும் சேர்த்த குழாயையும் கட்டாயம் வையுங்கள். அது இல்லையென்றால் பாக்டீரியாவைத் தடுத்தது எண்ணெய்தானா என்று தேர்வாளர் கேட்கும்போது பதில் இருக்காது.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, டுவீன் குழாய்கள் இளஞ்சிவப்பாகியிருக்க, ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வரிசையில் எண்ணெய் மிகுந்த நான்கு குழாய்கள் நீலம் மாறாமல் நின்றன. ஈ. கோலை வரிசையில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஈ. கோலை போன்ற கிராம்-எதிர் வகைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு இத்தகைய நீர்வெறுப்பு மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது என்று படித்திருந்தேன். அதை என் கையால் கலந்த குழாய்களில் கண்டபோது அந்த ஜன்னலோரத்தைக்கூடச் சற்று மறந்தேன். மும்முறை செய்தும் அதே நான்கு குழாய்கள்தான் நீலமாக நின்றன.