தங்கச்சிக்கு சீட் கெடச்சிருச்சு

போன வாரம் தங்கச்சிய அழகப்பா யுனிவர்சிட்டில எம்எஸ்சி சேர்க்க காரைக்குடி போனோம், மார்க்‌ஷீட்டெல்லாம் மஞ்சப்பைல போட்டு அப்பத்தா திருநீறு பூசித்தான் அனுப்புச்சு, எங்க வீட்ல பிஜி வரைக்கும் போற மொத ஆளு இவதான்.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947ல காலேஜ் ஆரம்பிச்சாரு, சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்க வரணும்னு 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் குடுத்தாரு, அந்தக் காலத்துல 15 லட்சம்னா யோசிச்சுப் பாருங்க! சொந்த வீட்டையே பொம்பளப் பிள்ளைங்க படிக்கக் குடுத்த மனுசன். அவர் போட்ட அஸ்திவாரத்துலதான் 1985ல அரசுப் பல்கலைக்கழகம் வந்துச்சு.

வேலைக்குப் போறவங்களுக்கு தொலைநிலைக் கல்வியும் இருக்கு. அடுத்த வருசம் நானும் அதுல எம்காம் போடப் போறேன், அப்பத்தாட்ட சொல்லிட்டேன்.