மூன்று அடி வழி போதும்

மார்கழியில் காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளிக்க வாளியோடு கதவைத் திறந்தால் வாசலுக்கு நேராக ஒரு வெள்ளைக் கார். இரண்டு சக்கரம் நடைபாதை மேல், இரண்டு சக்கரம் ரோட்டில். கோலம் போட வேண்டிய இடம் முழுக்க வண்டிக்கு அடியில். தண்ணீர் தெளித்தால் கார் மேல் படும், பட்டால் ஒன்பது மணிக்கு யாராவது வந்து கதவைத் தட்டி ‘என்னம்மா, வண்டியெல்லாம் சாணித் தண்ணி’ என்று சத்தம் போடுவார்கள், போன வருடம் ஒருவர் அப்படிப் போட்டார். அன்றைக்கு நான் வாளியை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். என் வீட்டு வாசலில் கோலம் போட இன்னொருவர் வண்டியை எடுக்கும் வரை காத்திருப்பதா என்று மனசு ஆறவே இல்லை.

எங்கள் வீடு புதுச்சேரியில், பாரதி வீதிக்குப் பக்கத்தில் ஒரு குறுக்கு வீதியில் இருக்கிறது. மணக்குள விநாயகர் கோயிலுக்கு நடந்து போகலாம், நேரு வீதிக் கடைகளுக்கும் நடந்து போகலாம். அதனாலேயே சனி ஞாயிறு வந்தால் வீதியில் ஒரு அடி இடம் மிஞ்சாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சந்தை, ஆக வருகிற கார் எல்லாம் உள்வீதிகளில்தான் வந்து நிற்கிறது. கடற்கரைச் சாலையில் வண்டி இல்லாமல் இருப்பது நல்ல ஏற்பாடு, நானும் அங்கே ஆசையாக நடப்பேன். ஆனால் அங்கே நிம்மதியாக நடப்பதற்காக வருகிறவர், நாங்கள் நடக்கிற பாதையை அடைத்து வண்டியை விட்டுவிட்டுப் போகிறார். அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வெளியூர்க்காரர்களை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒரு வாரம் வண்டி எண்களைக் கவனித்தேன். டிஎன், கேஏ இருந்தன, சரி. பாதிக்கு மேல் பிஒய் 01. நம்ம ஊர் வண்டிகள்தான், அதிலும் சில எங்கள் வீதி வண்டிகளே.

கோலத்தோடு போயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். என் மாமியாருக்குப் போன ஆவணியில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. வயது 74. வாக்கர் பிடித்துக்கொண்டு தினமும் காலையும் மாலையும் நடக்க வேண்டும், நடக்காமல் விட்டால் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வாரம் அத்தை மூலையில் இருக்கிற பிள்ளையார் கோயில் வரை போய்வந்துகொண்டிருந்தார். அப்புறம் எதிர்க் கடை வரை. அப்புறம் வீட்டுக் கூடத்திலேயே. கால் வலிக்கிறதா என்று கேட்டால் ‘இல்லம்மா, வெளியே வெயிலு’ என்பார். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்? ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கார் பம்பருக்கு முன்னால் நிற்கிறார். திரும்பி ரோட்டைப் பார்க்கிறார். வாக்கரை நடைபாதையிலிருந்து கீழே இறக்குகிறார், அரை அடி உயரம், அப்புறம் ஒவ்வொரு காலாக இறக்குகிறார், அந்த நேரத்தில் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி போகிறது. அத்தை வாக்கரைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே நின்றார். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் போய் யாரோடாவது சண்டை போட்டுவிடுவேன் என்று பயந்து, வெளியே போவதையே விட்டிருக்கிறார்.

அன்றைக்கு டேப் எடுத்து அளந்தேன். எங்கள் பக்கத்து நடைபாதை நாலே கால் அடி. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கிற இந்திய சாலைப் பேரவை 2012இல் பாதசாரிகளுக்காக வெளியிட்ட நெறிமுறையில், தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது, அது கிட்டத்தட்ட ஆறடி. அவ்வளவு எங்கள் வீதியில் எங்கும் கிடையாது. அத்தையின் வாக்கர் இரண்டு அடி, கை வீச்சோடு சேர்த்தால் மூன்று அடி. நான் கேட்பது அந்த மூன்று அடியைத்தான்.

இங்கே நடைபாதை என்பது பெரும்பாலும் வாய்க்கால் மேல் போட்ட சிலாப். ஆட்கள் நடப்பதற்காகப் போட்டது, கார் ஏறுவதற்காகப் போட்டது இல்லை. தினமும் ஒரே இடத்தில் சக்கரம் ஏறி இறங்கினால் முதலில் விரிசல் விடும், பிறகு ஒரு நாள் பாதி உடைந்து வாய்க்காலுக்குள் விழும், விழுந்த துண்டில் பிளாஸ்டிக் பை எல்லாம் சிக்கித் தண்ணீர் தேங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்கு எங்கள் வீதியில் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீருக்கு அடியில் எங்கே சிலாப், எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. என் கணவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் துடைப்பக் கட்டையால் தட்டித் தட்டிப் பார்த்து, உடைந்த இடத்தில் ஒரு கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். இல்லையென்றால் அன்று இரவு யாராவது உள்ளே இறங்கியிருப்பார்கள். கார் நிறுத்தியவருக்கு அந்த ஓட்டை தன்னால் வந்தது என்றே தெரிந்திருக்காது.

சண்டை போட்டும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ‘நோ பார்க்கிங் போர்டு இல்லையே’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். இதைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நடைபாதையில் நிறுத்தக் கூடாது என்பதற்குப் போர்டே தேவையில்லை. 1989ஆம் வருட சாலை விதிகளிலேயே நடைபாதையில் நிறுத்தாதே, ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து நிறுத்தாதே என்று இருக்கிறது. 2017இல் அந்த விதிகளுக்குப் பதிலாக வந்த புதிய ஒழுங்குமுறையும் இதையே சொல்கிறது. தடை செய்த இடத்தில் நிறுத்திய வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவில் இருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தில் உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லி, மாற்றுத்திறனாளிகளும் நடக்கும்படி பாதைகள் இருக்க வேண்டும் என்றது. நாம் கேட்டில் மாட்டிக்கொள்கிற தகரப் போர்டுக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. போர்டு இல்லாத நடைபாதைக்கு உண்டு.

டயரில் காற்றைப் பிடுங்கி விடச் சொல்லி எனக்கு யோசனை சொன்னவர்கள் மூன்று பேர். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்தவர் பொருளுக்குச் சேதம் செய்தால் அது நம் மேல் வழக்காகும். அதைவிட முக்கியம், காற்று இல்லாத கார் அங்கிருந்து நகராது, அத்தை இன்னும் அரை நாள் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். கல் வைப்பது, பூந்தொட்டி வரிசை வைப்பது எல்லாம் இதே கதைதான், வாக்கருக்குக் கார் வேறு, தொட்டி வேறா?

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வீட்டுச் சறுக்கு கண்ணில் பட்டது. ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற என் மாமனார் காலத்தில் சிமென்ட் போட்டுக் கட்டியது, நடைபாதையின் பாதி அகலத்துக்கு மேல் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை பழகிப்போனதால் அதைச் சுற்றிப் போகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், கண் பார்வை குறைந்தவர், அதில் ஒரு தடவை தடுக்கியிருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை. கொத்தனாரை வைத்து இடித்தோம். இப்போது இரும்புத் தகட்டுச் சறுக்கு ஒன்று, வண்டி ஏற்றும்போது போட்டு, உடனே எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம் பேச எனக்கு வாய் வந்தது.

பழைய வீடுகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. இங்கே தமிழர் வீடுகளுக்கு முன்னால் திண்ணையும், மரத்தூண் வைத்து ஓடு சாய்த்த தாழ்வாரமும் ரோட்டை ஒட்டியே இருக்கும். வழிப்போக்கருக்கு வெயிலும் மழையும் படாமல் வீட்டுக்காரரே தன் கூரையை நீட்டிக் கொடுத்த இடம் அது. வைசியாள் வீதியில் அப்படிப்பட்ட வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. எங்கள் வீதியில் மிச்சம் இருக்கிற இரண்டு தாழ்வாரத்திலும் இப்போது பைக் நிற்கிறது.

அந்த வெள்ளைக் கார் எதிர் வரிசையில் குடியிருக்கிற பையனுடையது. ஒரு ஞாயிறு மாலை, கோபம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். ‘தம்பி, வண்டியை ஏன் மேலே ஏத்தறே?’ என்றேன். ‘ரோட்லயே வுட்டா கண்ணாடிய இடிச்சிட்டுப் போயிடறாங்கக்கா, ரெண்டு தடவ மாத்திட்டேன்’ என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவன் நஷ்டம் அவனுக்கு. நாளைக்குக் காலையில் ஏழு மணிக்கு அத்தைகூட மூலை வரைக்கும் நடந்து வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். வந்தான். தன் காருக்கு முன்னால் அத்தை வாக்கரை ரோட்டில் இறக்கியபோது, ‘இருங்க பாட்டி, இருங்க’ என்று ஓடி வந்து பிடித்தான். அன்று மாலையே கண்ணாடியை மடக்கி, ரோட்டோரமாக நாலு சக்கரத்தையும் கீழே இறக்கி நிறுத்தினான். இதுவரை மேலே ஏற்றவில்லை.

வெளியூர் வண்டிகளுக்கு இப்படி நடத்திக் காட்ட முடியாதே. அதற்கு ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். ‘இந்த வழியாக வாக்கரோடு ஒரு பெரியவர் நடக்கிறார். மூன்று அடி விட்டு நிறுத்துங்கள்’ என்று மட்டும். கார் வைப்பருக்கு அடியில் வைத்துவிடுவேன், பசை போட்டு ஒட்ட மாட்டேன். பக்கத்து விடுதிக்காரரிடமும் பத்துத் தாள் கொடுத்தேன், அறை எடுக்கிறவர்களிடம் வண்டியை எங்கே விட வேண்டும் என்று இப்போது அவரே சொல்லி அனுப்புகிறார். அப்படியும் வாசலை மறித்தால் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டுப் போலீசுக்குப் போன் போடுகிறேன். ஒரு தடவை வந்த காவலர் உரிமையாளரை வரவழைத்து எடுக்க வைத்தார், இன்னொரு தடவை யாரும் வரவில்லை.

அத்தை மறுபடியும் பிள்ளையார் கோயில் வரை போய்வருகிறார். உடைந்த சிலாப்பை மாற்றச் சொல்லி இரண்டு மனு கொடுத்தாயிற்று, இன்னும் மாற்றவில்லை, அந்த இடத்தில் நாங்கள் போட்ட பலகைதான் கிடக்கிறது. மூன்றாவது மனுவில் வீதிக்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.