அறிக்கையில் ‘துரு’ என்று எழுதியது

பூங்காவில் இருந்த, தள்ளிச் சுற்றும் இரும்பு ராட்டினத்தைக் கழற்றச் சொன்ன அறிக்கையில் காரணம் ‘துரு’. பொய்யில்லை, தகடு இரண்டு இடத்தில் ஓட்டையாகியிருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை.

கேஸ் கட்டரோடு வந்த வெல்டர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "நடுத்தண்டு கெட்டியாத்தான் சார் இருக்கு. பேரிங் மாத்தி, புதுத் தகடு அடிச்சா போதும். எதுக்கு எடுக்கிறீங்க?" என்றார். ஆர்டர் வந்தாச்சு என்பதோடு பேச்சு முடிந்தது.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ராட்டினத்தின் விளிம்பு வேகம் நொடிக்கு 13 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு வைக்கும் வரம்பு. எட்டடி விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 25 அடி. 10 நொடியில் 5 சுற்றுக்கு மேல் போனால் வரம்பு தாண்டியது. பெரிய பையன்கள் இரண்டு பேர் ஓடித் தள்ளினால் தாண்டிவிடும். பழைய ராட்டினத்தில் வேகத்தை அடக்க ஏற்பாடே கிடையாது. பேரிங் மாற்றி கிரீஸ் வைத்தால் இன்னும் பறக்கும். தேய்ந்த பேரிங்கையே விட்டால் தட்டு ஆடும், தாழும் பக்கத்தில் கால் சிக்கும்.

இருந்தும் தீர்வு இருந்தது: வீசப்பட்டு விழுபவருக்கு அடி குறைய, சுற்றிலும் ஆறடி காலியிடம், 9 அங்குல மணல். மழையும் மிதியும் மணலை இறுக்கிவிடும், அதை அடிக்கடி கிளற வேண்டும், கண்ணாடித் துண்டும் நாய் அசிங்கமும் பொறுக்க வேண்டும். அதற்கு ஆளில்லை. ‘ஆளில்லை’ என்று கோப்பில் எழுத முடியாது, ‘துரு’ என்று எழுதலாம்.

இப்போது அங்கே எஃப்.ஆர்.பி. (இழை கலந்து வலுவூட்டிய பிளாஸ்டிக்) சறுக்கு நிற்கிறது. அதன் தடுப்புக் கம்பி இடைவெளி சரிதான். 89 மி.மீ.க்கும் 229 மி.மீ.க்கும் இடைப்பட்ட சந்தில் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும், அப்படி ஒரு சந்தும் இதில் இல்லை. ஆனால் மேடை ஐந்தடி உயரம். கீழே சிமெண்ட் தரைமேல் 25 மி.மீ. ரப்பர் ஓடு. ஐந்தடியிலிருந்து விழும் தலைக்கு அந்தக் கனம் போதாது. ராட்டினத் தட்டு தரையிலிருந்து ஓரடிதான். ஆனால் அது தூக்கி வீசும், சறுக்கு வீசாது. இந்த ஒப்பீடு எந்தப் பக்கமும் முழுதாகச் சாய்வதில்லை.

தண்டைத் தரைமட்டத்தில் வெட்டி, அடித்தள காங்கிரீட்டை அப்படியே விட்டோம். வெட்டிய முனை அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒட்டிய ரப்பர் ஓட்டின் மூலை இப்போதே கிளம்பத் தொடங்கியிருக்கிறது.